தோத்த பட்டாளத்துக் கேப்டன்

"கேப்டன் வீடா?"ன்னு கண்டக்டர் கேட்டானே, கவனிச்சீங்களா தம்பி? நான் என்ன சொல்லி டிக்கெட் கேட்டேன்? மேலக்குடி விலக்குன்னு கேட்டேன். போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. ஆனா இந்தத் தடத்துல ஓடுற எந்த பஸ்லயும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டானுங்க. கேப்டன் வீடு, கேப்டன் வீடு. பஸ் நிக்கிறது என் வீட்டு வாசல்ல. நிழலுக்கு நிக்கிற வேப்பமரம் என் மரம். பேரு மட்டும் எதிர்த்த வீட்டுக்காரனுக்கு. அவன் செத்தும் போயிட்டான்.

சிரிக்காதீங்க. நீங்க எந்த ஊரு? பரமக்குடியா? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல. சேதுமாணிக்கம்னு பேரு. கேப்டன் சேதுமாணிக்கம். எக்ஸ் எம்.எல்.ஏ. எனக்கு மாப்ள முறை. முறை என்ன முறை, என் கூடப் பிறந்த தங்கச்சி அன்னக்கொடியைக் கட்டினவன். அதனால எனக்குத் தெரிஞ்ச மாதிரி அவனை வேற யாருக்கும் தெரியாது.

கேப்டன்னா எந்தப் பட்டாளத்துல கேப்டன்? அதைக் கேக்கணும்ல? நானும் பட்டாளத்தான்தான். வெள்ளைக்காரன் பட்டாளம். ஜபல்பூர் டிப்போவுல ஸ்டோர் கீப்பர். யுத்தம் முடியிற வரைக்கும் அங்கதான் இருந்தேன். கிழக்க குண்டு வெடிச்சுக்கிட்டு இருந்தப்ப நான் கம்பளிக்கு அந்துருண்டை போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தேன். அது லேசுப்பட்ட வேலையில்ல. கம்பளி இல்லாம எவன் சண்டை போடுவான்? இன்னைக்கும் பென்ஷன் வாங்குறேன். மெடல் இருக்கு. என் பட்டாளம் ஜெயிச்ச பட்டாளம்.

அவனுது தோத்த பட்டாளம். மலேயாவுல ரப்பர் தோட்டத்துல லாரி ஓட்டினவன். ஜப்பான்காரன் வந்தான், நேதாஜி கூப்பிட்டாருன்னு ஐ.என்.ஏ.வுல சேந்தான். லாரி டிரைவரைக் கேப்டன் ஆக்கிட்டாங்க. அந்தப் பட்டாளத்துல ஆள் பஞ்சம் எவ்வளவு இருந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. பர்மாவுல பின்வாங்குறப்ப கால்ல குண்டு. ரங்கூன் ஜெயில்ல கொஞ்ச காலம். அப்புறம் ஒரு கம்பை ஊனிக்கிட்டு வந்து இறங்கினான். ஊரே போயி மாலை போட்டுச்சு. நான் அதுக்கு முந்தின மாசம்தான் வந்தேன். ரெண்டு காலோட, புதுப் பூட்ஸோட வந்தேன். ஸ்டேஷன்ல ஒரு நாய் கூட இல்ல.

அவன் இல்லாத காலத்துல அவன் வயலை நான்தான் பாத்தேன், ஜபல்பூர்ல இருந்தப்பவும் ஆள் வச்சு. வந்ததும் கேட்டேன், "மாப்ள, வயலை என்ன செய்யலாம்?"னு. "நீயே உழுதுக்க மச்சான், எனக்கு இந்தக் காலை வச்சுக்கிட்டு என்ன வயலு"ன்னுட்டான். மண்ணோட அருமை தெரியாத பய. அன்னைக்கே எனக்கு அவன்மேல இருந்த மதிப்பு போச்சு.

ஆனா அதெல்லாம் சில்லறை. என் வயித்தெரிச்சல் வேற. எங்க மூத்தவரு பூமிநாதன். எனக்கு அண்ணன். அன்னக்கொடிக்குப் பெரியண்ணன். இவனும் அவரும் ஒரே கப்பல்லதான் மலேயாவுக்குப் போனாங்க. இவன் லாரிக்கு, அவரு தோட்டத்துல கூலி ஆளுங்களை மேய்க்கிற கங்காணி வேலைக்கு. போறப்ப எங்கம்மா இவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எம் புள்ளைய உன்னை நம்பித்தான் விடுறேன்"னு சொல்லுச்சு. ரெண்டு பேரு போனாங்க. ஒருத்தன் வந்தான். எங்கடா எங்க அண்ணன்னு கேட்டா, "யுத்தத்துல பிரிஞ்சிட்டோம், விசாரிக்கிறேன்" அப்படிங்கிறான்.

சரி, எலெக்ஷன் கதைக்கு வர்றேன். சுதந்திரம் வந்து மொத எலெக்ஷன். அப்பல்லாம் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பெட்டி வைப்பாங்க, பெட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். மேலவீட்டு மிராசுதார் நின்னாரு. தொகுதியில பாதி நெலம் அவருது. நான் அவருக்கு வேலை பாத்தேன், அதுல என்ன தப்பு? இவன் சுயேச்சையா நிக்கிறான். சின்னம் என்ன கொடுத்தாங்க தெரியுமா? ஒட்டகம்! எங்க பக்கம் எவன் ஒட்டகத்தைப் பாத்தான்? "கழுத்து நீண்ட மாடு"ன்னு கிழவிங்க சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க.

பேசவும் தெரியாது அவனுக்கு. மேடையில ஏறுவான், கம்பை ஊனி நிப்பான். "நான் திரும்பி வந்தேன். என்கூட இருந்தவங்க நிறையப் பேரு வரல. அவங்க எங்கன்னு கேட்டுச் சொல்றேன்." அவ்வளவுதான், இறங்கிடுவான். ரோடு போடுறேன்னு சொல்லல. பள்ளிக்கூடம் கட்டுறேன்னு சொல்லல. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்.

அன்னக்கொடி வீடு வீடாப் போனா. எங்க தாலுகாவுல அப்ப எந்தத் தெருவுக்குப் போனாலும், மலேயாவுக்கோ பர்மாவுக்கோ போயித் திரும்பாத ஆம்பள ஒருத்தன் இருப்பான். அவன் பொண்டாட்டி தாலியைக் கட்டிக்கிட்டு, பொட்டு வைக்கிறதா வேணாமான்னு தெரியாம உக்காந்திருப்பா. பெட்டியைத் திறந்தா ஒட்டகம் ஜெயிச்சிருச்சு. மிராசு ரெண்டு நாள் வெளியவே வரல. எல்லாம் பொம்பளைங்க ஓட்டு.

எம்.எல்.ஏ. ஆகிட்டான்ல, என்ன செஞ்சான்னு கேளுங்க. ஒரு பாலம் கிடையாது. ஒரு கான்ட்ராக்ட் கிடையாது. என் மருமகனுக்கு ஒரு மாறுதல் வாங்கிக் கொடுன்னு கேட்டேன். "வரிசைப்படி வரும் மச்சான்"னான். சொந்த மச்சானுக்கு வரிசை! மெட்ராசுக்குப் போறது, சட்டசபையில எந்திரிச்சு அதே கேள்வியைக் கேக்கறது: சயாம்ல இருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் ரோட்டுக்குப் பிடிச்சிட்டுப் போன நம்ம ஆளுங்க என்ன ஆனாங்க? திரும்பி வந்தவன் எங்க இருந்தாலும் தேடிப் போறது. மதுரை, நாகப்பட்டினம், எங்கயோ நீலகிரி வரைக்கும். இன்ன ஊரு இன்னாரைப் பாத்தியா, எங்க கிடந்தான், யாரு புதைச்சதுன்னு கேட்டுக்கிட்டே அலையிறது.

கேட்டு வந்து என்ன செய்வான்? அந்தந்த வீட்டுக்கு நேரா போவான். ஆள் விட மாட்டான், தபால் போட மாட்டான். காலையில போயி வாசல்ல நிப்பான். "சாப்பிட்டாச்சாம்மா?"ன்னு கேப்பான். இல்லன்னா, "சாப்பிடுங்க, இருக்கேன்"னு உக்காந்துக்குவான். அவ சாப்பிட்டுக் கையைக் கழுவினப்புறம்தான் சொல்லுவான், உன் புருஷன் இன்ன காட்டுல காலரா வந்து செத்துட்டான்னு. சொல்லிட்டு எந்திரிச்சு வந்தாலும் பரவாயில்ல. அவ அழுது முடியிற வரைக்கும் அங்கயே உக்காந்திருப்பான். எம்.எல்.ஏ. பாக்குற வேலையா தம்பி இது? ஒரு மந்திரி வந்தாரு, இவனைக் காணோம். எங்கன்னு பாத்தா ஏதோ குடிசையில, சாவுச் சேதி சொன்ன துட்டி வீட்டுல உக்காந்திருக்கான்.

இன்னொரு கூத்து. புருஷன் செத்தது உறுதின்னதும் அந்தப் பொம்பளைக்குப் பட்டா மாத்த மனு எழுதிக் கொடுப்பான். அதுவரைக்கும் கொழுந்தனோ மாமனோ அந்த நெலத்தைக் கட்டிக் காத்து வச்சிருப்பான். நான் மாப்ள நெலத்தைக் காத்த மாதிரி. அவன் கையில இருந்து பிடுங்கி அவ கையில கொடுத்தா குடும்பம் உருப்படுமா?

துட்டி எம்.எல்.ஏ.ன்னு பேரு வச்சது நான்தான். நல்லா ஓடுச்சு அந்தப் பேரு. அவன் தெருவுக்குள்ள வந்தா போதும், கதவைச் சாத்த ஆரம்பிச்சாங்க. அடுத்த எலெக்ஷன்ல மிராசு மேடையில நான் அவனை மாதிரியே கம்பை ஊனி நடந்து காட்டுவேன். மைக்குக்கிட்ட வந்து, "சாப்பிட்டாச்சாம்மா?"ம்பேன். கூட்டம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். இவன் உங்க வீட்டுக்கு வந்தா தாலி போயிரும், ஓட்டா போடப் போறீங்கன்னு கேப்பேன். நல்லாப் பேசுவேன் தம்பி அந்தக் காலத்துல.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்ததைச் சொல்லணும். ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போறேன். வாசல்ல ஒருத்தன் உக்காந்திருக்கான். ஒச்சுன்னு பேரு, உசிலம்பட்டிப் பக்கம். சயாம் ரயில் ரோட்டுல இருந்து பொழைச்சு வந்தவன். என்னைப் பாத்ததும் சடக்குன்னு எந்திரிச்சான். ரெண்டு கையையும் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டு சுவத்தோட ஒட்டி நின்னுட்டான். நானும் எங்க அண்ணனும் அச்சு அசல் ஒரே சாடை. "பூமிநாதன் கங்காணிக்கு நீங்க என்ன வேணும்?"னான். தம்பின்னேன். பாத்தீங்களா, எங்க அண்ணனுக்கு அங்க எவ்வளவு மரியாதை இருந்திருக்கணும்! அவரு தம்பியைக் கண்டே எந்திரிச்சு நிக்கிறான்.

ஆனா அந்தப் பய வாயைத் திறந்தான் பாருங்க. எங்க அண்ணன் சயாமுக்குக் கூலி ஆளுங்களை ஓட்டிட்டுப் போனாராம். ஜப்பான்காரனை விட மோசமா இவரு பிரம்பு வீசினாராம். காய்ச்சல்ல கிடந்தவனை எல்லாம் இழுத்துப் போட்டு அடிச்சாராம். ஜப்பான்காரன் தோத்து ஓடுன அன்னைக்குக் கூலி ஆளுங்க எல்லாம் சேந்து அவரை அடிச்சே கொன்னுட்டாங்களாம். சொல்லிட்டு சட்டையைக் கழட்டி முதுகைக் காட்டுறான். வரி வரியாத் தழும்பு. ரயில் ரோட்டுல சரளை சுமந்தவன் முதுகுல தழும்பு இல்லாம வேற என்ன இருக்கும்?

நான் அவன் கழுத்தைப் பிடிச்சுட்டேன். சேதுமாணிக்கம் உள்ள இருந்து கம்பு கூட இல்லாம நொண்டிக்கிட்டு ஓடி வந்து விலக்கினான். என்னை ஒண்ணும் சொல்லல. ஒச்சுகிட்டதான் சொன்னான். "இந்த ஊர்ல இதை யார்கிட்டயும் பேசக்கூடாது. அவரைப் பெத்த கிழவி உசிரோட இருக்கிற வரைக்கும் பேசக்கூடாது. எனக்காக." அவன் தலையை ஆட்டிட்டுப் போயிட்டான்.

எனக்கு அப்பவே விளங்கிருச்சு. இது ஜோடிச்ச கதை. கூட வந்த மச்சானைக் காட்டுல விட்டுட்டு ஓடி வந்தவன், நாளைக்கு எவனாவது கேட்டா சொல்றதுக்கு ஒரு கதையைத் தயார் பண்ணி வச்சிருக்கான். ஊர்ல செத்த அத்தனை பேரு கதையும் வீடு தேடிப் போயிச் சொல்றவன், சொந்த மாமியார் கேட்டா மட்டும் "விசாரிக்கிறேன் அத்தை"ன்னு சொல்றான்னா, என்ன அர்த்தம்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.

அதனால எலெக்ஷன் சமயத்துல பகிரங்கமாவே கூப்பிட்டேன். சந்தைத் திடலுக்கு வா, எங்கம்மா முன்னாடி பதில் சொல்லுன்னு தண்டோரா போட்டேன். எங்கம்மாவுக்கு அப்பவே நடக்க முடியாது. வண்டியில கூட்டிட்டு வந்து மேடையில நாற்காலி போட்டு உக்கார வச்சேன். திடல் கொள்ளாத கூட்டம். வர மாட்டான்னுதான் மிராசு பந்தயம் கட்டினாரு. வந்துட்டான். தனியா வந்தான். கூட்டம் வழி விட்டுச்சு. மேடைக்கு நேரா கீழ வந்து நின்னான்.

நான் மைக்கைப் பிடிச்சேன். "மாப்ள, ஒரே கேள்வி. எங்க அண்ணன் எங்கே?"

எங்கம்மா முன்னால குனிஞ்சு, "எம் புள்ள எங்கப்பா சேது? உன் கையிலதான குடுத்தேன்?"னு கேட்டுச்சு.

அவன் எங்கம்மாவையே பாத்துக்கிட்டு நின்னான். ஒரு தடவை வாயைத் திறந்தான். சொல்லட்டும்னு இருந்தேன். அந்த ஒச்சு கதையை எடுத்து விடட்டும், மேடையில வச்சே கிழிச்சுத் தொங்க விடுறேன்னு தயாரா இருந்தேன். அந்த நேரம் பாத்து கூட்டத்துக்குள்ள இருந்து அந்த ஒச்சுப் பய எந்திரிச்சுட்டான். "நான் சொல்றேன்! கேப்டன் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்!"

சேதுமாணிக்கம் திரும்பினான். "ஒச்சு! உக்காரு!"

அப்படி ஒரு சத்தம் அவன்கிட்ட இருந்து நான் கேட்டதே இல்ல. பெரிய பெரிய மேஜர் எல்லாம் கத்திக் கேட்டிருக்கேன், இது அடிவயித்துல இருந்து வந்துச்சு. ஒச்சு மட்டுமில்ல, நின்னுக்கிட்டு இருந்த பாதிக் கூட்டம் உக்காந்துருச்சு. அப்புறம் எங்கம்மா பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "அத்தை, உங்க புள்ளையக் கூட்டிட்டு வர என்னால முடியல. என்னை மன்னிச்சிருங்க." அவ்வளவுதான். திரும்பி நடந்தான். அவனே ஒத்துக்கிட்டான்ல? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எவனோ செருப்பை எடுத்து வீசினான். முதுகுல பட்டுச்சு. நான் வீசச் சொல்லல. தடுக்கவும் இல்ல. எதுக்குத் தடுக்கணும்?

டெபாசிட் போச்சு. மிராசு ஜெயிச்சாரு. எனக்கு ஒரு சால்வை போட்டாரு. மருமகன் மாறுதலை அவரும் வாங்கித் தரல, அது வேற விஷயம்.

அதுக்கப்புறம் இவன் பொழப்பைக் கேளுங்க. எக்ஸ் எம்.எல்.ஏ., தாலுகா ஆபீஸ் வாசல்ல புளியமரத்தடியில உக்காந்து வர்றவன் போறவனுக்கு மனு எழுதிக் கொடுக்கிறான். எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சம். வெளியூர் ஆளுங்க எல்லாம், அது யாரு உங்க மாப்ளையாமேன்னு கேட்டா என்ன சொல்றது?

அடுத்த மழைக்காலத்துல எங்கம்மா படுத்துருச்சு. இவன் பாக்க வந்தான். வர வேணாம்னு சொல்லியும் வந்தான். அம்மா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. இவன் கால்மாட்டுல தரையில உக்காந்தான். அப்புறம் அம்மா திரும்பாமலே கேட்டுச்சு. "அவன் அங்க எப்படி இருந்தான்? அதையாச்சும் சொல்லு."

இவன் சொன்னான். "எல்லாரும் அவர்மேல உசிரா இருந்தாங்க அத்தை. கூலி ஆளுங்களுக்கு அவருதான் அப்பா மாதிரி. யாரையும் அதட்டிக்கூடப் பேச மாட்டாரு."

"ஆமா. சின்னதுலயே அப்படித்தான்"னு சொல்லிட்டு அம்மா சிரிச்சுச்சு. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அடங்கிருச்சு.

பாத்தீங்களா? அவன் வாயாலயே வந்திருச்சு! ஒச்சு சொன்னது அத்தனையும் பொய்னு அவனே சாகக் கிடந்த எங்கம்மாகிட்ட ஒத்துக்கிட்டான். அன்னைக்குச் சந்தைத் திடல்ல இதைச் சொல்றதுக்கு என்ன கேடு? ஜெயிச்சிருக்கலாம்ல? பேசத் தெரியாத பயன்னு நான் சொன்னது சரியாப் போச்சு.

போன ஐப்பசியில அவனும் போயிட்டான். கட்சிக்காரன் ஒருத்தன் வரல. எம்.எல்.ஏ.வா இருந்தவன் சாவுக்கு ஒரு கொடி கிடையாது, ஒரு கார் கிடையாது. கிழவிங்கதான் வந்தாங்க. எந்தெந்த ஊர்ல இருந்தோ, நெத்தியில ஒண்ணும் இல்லாத கிழவிங்க. விடியக்காலம் புறப்பட்டு நடந்தே வந்தவங்க எல்லாம் இருந்தாங்க. இவன் போயித் துட்டி சொன்ன வீட்டுப் பொம்பளைங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. வந்து ஒருத்திகூட ஒப்பாரி வைக்கல. அன்னக்கொடியைச் சுத்தி உக்காந்துக்கிட்டாங்க. "மொதல்ல சாப்பிடு தாயி"ன்னு ஒருத்தி கஞ்சியை ஊட்டுறா. பொணம் கிடக்கிற வீட்டுல சாப்பாடு! இந்தக் கூத்தை நான் எங்கயும் பாத்ததில்ல. பேசாம எந்திரிச்சுப் போயி வெளிய நின்னேன்.

காரியம் எல்லாம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், அண்ணன்னு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லலாம்னு உள்ள போனேன். "வருத்தப்படாத அன்னக்கொடி. அவனும் என்னமோ அலைஞ்சான், ஒண்ணும் நிக்கல. அந்த ரெண்டாவது எலெக்ஷன்ல தோக்காம இருந்திருந்தா இன்னைக்கு நீ இப்படி இருக்க வேண்டியதில்ல"ன்னேன்.

அவ என்னை நிமிந்து பாத்தா. எங்கம்மா கண்ணு அவளுக்கு. "அவரு நமக்காகத்தான்ணே தோத்தாரு"ன்னா. "நம்ம அம்மாவுக்காக. உனக்காகவும்தான்."

எனக்காகத் தோத்தானாம்! தம்பி, அந்த எலெக்ஷன்ல அவனைத் தோக்கடிச்சதே நான். ஊரு உலகத்துக்கே தெரியும், மிராசு சால்வை போட்டது தெரியும். புருஷன் போன துக்கத்துல புத்தி பெரண்டு பேசுறா, போகட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன். அதுல இருந்து அவ என்கிட்டப் பேசறதில்ல. எதிர் எதிர் வீடு. காலையில வாசல் தெளிக்க வருவா, நான் பல்லு விளக்கிக்கிட்டு நிப்பேன். பாக்க மாட்டா.

அப்படின்னா என்னன்னு நானும் அவகிட்டக் கேக்கல. கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. நீங்களும் இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வர்றீங்க, ஏதாச்சும் இருக்குன்னு தோணுதா உங்களுக்கு?

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க?

வேணாம். ஒண்ணும் சொல்லாதீங்க. ஊரு வந்திருச்சு, நான் இறங்குறேன்.